அட்டை யார் பெயரில் இருக்கிறது? ரோஹிங்கியா முகாம்களில் பெண்கள் மீதான வன்முறை

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமில் கணவனிடம் அடி வாங்கிய ரோஹிங்கியா பெண் வீட்டைவிட்டுக் கிளம்பினால், மறுவேளை அரிசிக்கு என்ன செய்வது என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். உணவு உதவி ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டாலும், குடும்பத்துக்கு ஓர் எண், ஓர் அட்டை என்றுதான் கைக்கு வருகிறது. அட்டை இரும்புப் பெட்டியில் கணவனின் உடைகளுக்கு அடியில் இருக்கும், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கடனுக்கு ஈடாகப் போயிருக்கும். பிரிந்துவிட்டோம், தனி அட்டை வேண்டும் என்று கேட்கப் போனால் முகாம் நிர்வாகம் பிரிவு உண்மையா என்று விசாரிக்கும். அந்த விசாரணை பெரும்பாலும் மாஜியிடம், அதாவது அந்தப் பகுதியின் தலைவரிடம் போய் முடியும். மாஜி பெரும்பாலும் ஓர் ஆண். பல நேரங்களில் கணவனுக்குத் தெரிந்தவர், சில நேரங்களில் உறவினர்.

ரோஹிங்கியா பெண்களின் நிலையைப் பேசும்போது 2017இல் மியான்மரில் நடந்த பெரும் கொடுமைகளோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கப்பால் பேசினால் 'அவர்கள் சமூகம் அப்படி' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே பாதி உண்மை. முகாமில் ஒரு பெண் அடி வாங்கியும் அங்கேயே இருப்பதற்குக் காரணம் தேடினால், அட்டை, கழிப்பறையின் தாழ்ப்பாள், மாலை 4 மணிக்கு மூடும் அலுவலகம், கருக்கலைப்புக்கான 12 வாரக் கணக்கு என்று மிகச் சாதாரணமான ஏற்பாடுகளில்தான் போய் முட்டுவோம்.

முதலில் இடம். வங்கதேசத்தின் தென்கோடியில் உக்கியா, டெக்னாஃப் என்னும் இரண்டு உபஜில்லாக்களில், அதாவது துணை மாவட்டங்களில், 33 முகாம்கள். இவற்றில் குதுபாலாங்-பலூக்காலி தொகுப்பு மட்டும் சுமார் 13 சதுர கிலோமீட்டர். காடு மண்டிய மணற்குன்றுகளை வெட்டி எழுப்பிய குடியிருப்பு அது. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மியான்மரிலிருந்து எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைக் கடந்து வந்தார்கள். முன்பே வந்திருந்தவர்களையும் 2024 தொடங்கி வந்துகொண்டிருப்பவர்களையும் சேர்த்தால் இப்போது 11 லட்சத்தைத் தாண்டுகிறது. பாதிக்கு மேல் குழந்தைகள். வங்கதேசம் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அரசு ஆவணங்களில் இவர்களில் பெரும்பாலோர் அகதிகள் என்றே குறிப்பிடப்படுவதில்லை, 'வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் நாட்டினர்' என்பதே பெயர். சட்டப்படி வேலை செய்ய முடியாது, அனுமதியின்றி முகாமைவிட்டு வெளியே போக முடியாது, நிரந்தரக் கட்டடம் கட்ட முடியாது. மூங்கிலும் தார்பாயும்தான்.

ராக்கைனில் திருமணமும் கருவும்கூட அரசின் அனுமதிக்குள்

ரோஹிங்கியா மக்களைக் குடியுரிமைக்கு வெளியே தள்ளியது மியான்மரின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் என்பது பரவலாகத் தெரியும். அது பெண்களின் உடலை எப்படித் தொட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில், வடக்கே மவுங்டா, புத்திடாங் பகுதிகளில் ரோஹிங்கியாக்கள் திருமணம் செய்ய அதிகாரிகளிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்குக் கைக்கூலி, அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு. 2005 முதல் உள்ளூர் ஆணை ஒன்று இரண்டு குழந்தைகளுக்கு மேல் கூடாது என்றது. அனுமதி இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் கருவுற்றால் தண்டனை. அதற்குப் பயந்து குச்சியாலும் நாட்டு மருந்தாலும் கருக்கலைத்து உயிரிழந்த பெண்கள் உண்டு. மூன்றாவது குழந்தையைப் பதிவு செய்யாமல் மறைத்து வளர்த்த குடும்பங்கள் உண்டு.

இந்தத் தடைக்கு விபரீதமான ஒரு பின்விளைவு இருந்தது. அனுமதி கிடைக்க ஆண்டுகள் ஆனதால் அங்கே பெண்களின் திருமணம் தள்ளிப்போனது. எல்லையைக் கடந்ததும் அந்தத் தடை அறுந்துவிட்டது. முகாமில் 14, 15 வயதுப் பெண்களுக்குத் திருமணங்கள் பெருகியதற்கு வறுமையோடு இதுவும் ஒரு காரணம். 'பழைய வழக்கம்' என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் முகாமில் புதிதாக முளைத்தது.

2017 ஆகஸ்ட் 30 அன்று துலா தோலி கிராமத்தில் மியான்மர் படையினர் ஆண்களை ஆற்றங்கரையில் கொன்றார்கள். பெண்களைச் சிறு குழுக்களாக வீடுகளுக்குள் இழுத்துச் சென்று வன்புணர்ந்து, அடித்து, வீட்டோடு எரித்தார்கள். தப்பியவர்கள் தீக்காயங்களோடு ஆற்றைக் கடந்தார்கள். ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018இல் இத்தகைய பல கிராமங்களைப் பதிவு செய்தது. 2019 ஆகஸ்டில் பாலியல் வன்முறை குறித்து மட்டுமே தனி அறிக்கை வெளியிட்டது. இனப்படுகொலை நோக்கத்துக்கான அடையாளங்களில் ஒன்றாக அந்த வன்முறையை அக்குழு கண்டது. அதே ஆண்டு நவம்பர் 11இல் மியான்மர் மீது காம்பியா நாடு தொடுத்த வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஜனவரி 23இல் இடைக்கால உத்தரவும் வந்தது.

வழக்கு ஹேக் நகரில் நடக்கட்டும். முகாமுக்கு வந்து சேர்ந்த பெண்களுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வங்கதேசத்தில் கருக்கலைப்பு, தாயின் உயிரைக் காப்பதற்குத் தவிர, குற்றம். ஆனால் 'மாதவிடாய் சீராக்கல்' என்ற பெயரில் 1979 முதல் அரசு மருத்துவத் திட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கடைசி மாதவிடாயிலிருந்து மருத்துவர் என்றால் 12 வாரம், பயிற்சி பெற்ற துணைப் பணியாளர் என்றால் 10 வாரம் வரை கை உறிஞ்சு கருவியால் செய்யலாம். ஆகஸ்ட் இறுதியில் வன்புணர்வுக்கு ஆளாகி, பல நாள் நடந்து, முகாமில் இடம் பிடித்து, அப்படி ஒரு சேவை இருக்கிறது என்று கேள்விப்படுவதற்குள் பலருக்கு அந்த 12 வாரம் கடந்துவிட்டது. 2018 மே, ஜூன் மாதங்களில் பிறந்த குழந்தைகளில் சிலர் அப்படிப் பிறந்தவர்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணாததே நல்லது என்று அங்கு வேலை செய்தவர்கள் நினைத்தார்கள், அந்தத் தாய்மார்களுக்கு அடையாளம் வைக்க யாரும் விரும்பவில்லை.

குன்றும் கழிப்பறையும்

தட்டையான நிலத்துக்கு வரைந்த வரைபடத்தைக் குன்றில் கொண்டுபோய்ப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு முகாமின் குளியல் தடுப்புகள் நல்ல எடுத்துக்காட்டு. நான்கு பக்கமும் தார்பாய் கட்டி, கூரை போடாமல் விட்டார்கள். சமவெளியில் அது போதும். இங்கே மேலே இருக்கும் சரிவில் நிற்பவனுக்கு உள்ளே குளிப்பவள் தெரிவாள். அதனால் பெண்கள் அந்தத் தடுப்புகளைத் தொடவே இல்லை. குடிசைக்குள் ஒரு மூலையில் பழைய துணி கட்டி, அங்கேயே குளித்தார்கள். மண்தரை ஈரமாகி, சுவர் மூங்கில் அடியில் மக்கியது. கழிவுநீர் பக்கத்துக் குடிசைக்குள் போனது, அதற்கு ஒரு சண்டை.

கழிப்பறையும் இதே கதைதான். 2017 இறுதியில் அவசரத்தில் கட்டியவற்றில் ஆண், பெண் பிரிவு இல்லை, உள்தாழ்ப்பாள் இல்லை. சர்வதேச அளவுகோல் 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது, பெண்களுக்கு ஆண்களைப்போல் மூன்று மடங்கு வேண்டும் என்கிறது. எண்ணிக்கை பின்னாளில் மேம்பட்டது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. விளக்கை எங்கே வைப்பது என்பதிலேயே தவறு நடந்தது. சூரிய விளக்குக் கம்பத்தைக் கழிப்பறை வாசலில் நட்டால், வெளிச்சம் இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று இளைஞர்கள் இரவில் அங்கே கூடுவார்கள். பெண் உள்ளே போவதும் வருவதும் எல்லோர் கண்ணிலும் படும். வழிநெடுக வெளிச்சம், கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள், கையில் ஒரு டார்ச், இவை மூன்றும் சேர்ந்தால்தான் பயன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெண்கள் பழைய வழிக்கே திரும்புகிறார்கள்: மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை, இரவுச் சோற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என்று மருத்துவ நிலையத்துக்கு வரும்போது மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த நோயின் வேர் கதவின் தாழ்ப்பாளில் இருக்கிறது.

மாதவிடாய்த் துணியும் சின்ன விஷயம் அல்ல. உதவிப் பொட்டலத்தில் துவைத்துப் பயன்படுத்தும் துணி, சோப்பு, உள்ளாடை, தாமி என்னும் கைலி, டார்ச், விசில் எல்லாம் உண்டு. துணியை வெயிலில் உலர்த்த வேண்டும். ஆனால் ஆண்கள் பார்வையில் படும்படி உலர்த்துவது மானக்கேடு. குடிசைக்குள், மழைக்காலத்தில், தார்பாய் வியர்க்கும் ஈரத்தில் உலர்த்தினால் அது உலர்வதே இல்லை. அரை ஈரத்தோடு கட்டிக்கொண்டு புண்ணாகிறது. துணியை யார் துவைப்பது, எங்கே உலர்த்துவது என்று கேட்காமல் பொட்டலம் கட்டினால் இப்படித்தான்.

ஒரு மாற்றம் மட்டும் நன்றாக வேலை செய்தது. முதல் ஆண்டில் சமைக்க விறகு வேண்டும் என்று பெண்களும் சிறுவர்களும் தினமும் காட்டுக்குப் போனார்கள். சீண்டல், வன்புணர்வு, உள்ளூர்க்காரர்களோடு தகராறு, யானை மிதித்துச் சாவு, எல்லாம் அந்த நடையில் நடந்தன. 2018 ஆகஸ்டில் தொடங்கி வீட்டுக்கு ஓர் அடுப்பும் எரிவாயு உருளையும் கொடுக்கப்பட்டன. விறகு நடை பெருமளவு நின்றது, மொட்டையான குன்றுகளும் மெல்லப் பச்சை பிடித்தன. பெண்களின் பாதுகாப்புக்கு அங்கே செய்யப்பட்டவற்றில் மிக வலுவான வேலை எது என்று கேட்டால், எந்த விழிப்புணர்வுக் கூட்டத்தையும் விட இந்த உருளையைத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் நிதி குறையும் ஒவ்வொரு முறையும் உருளை நிரப்பும் இடைவெளி நீளுமோ என்று அங்கிருப்பவர்கள் பதறுகிறார்கள்.

தண்ணீரில் உக்கியாவும் டெக்னாஃபும் ஒன்றல்ல. உக்கியாவில் ஆழ்குழாய்க் கிணறு தண்ணீர் தரும். டெக்னாஃபில் அப்படிப்பட்ட நிலத்தடி நீர் இல்லை, ஓடைநீரைத் தேக்கிச் சுத்திகரிக்க வேண்டும். கோடையில் அது வற்றும்போது குழாயடி வரிசை நீளும். வரிசையில் நிற்பது பெண்களும் சிறுமிகளும்.

அரிசி குறையும்போது

உலக உணவுத் திட்டம் ஆளொன்றுக்கு மாதம் 12 டாலர் கொடுத்துவந்தது. 2023 மார்ச்சில் 10 டாலர், ஜூனில் 8 டாலர் என்று இறங்கியது. ஒரு நாளைக்கு 27 சென்ட், ஒரு வேளைக்கு 9 சென்ட். 2024இல் மீண்டும் ஏறியது. 2025 மார்ச்சில் 6 டாலராக வெட்டப்போவதாக அறிவிப்பு வந்து, கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது. வெட்டு நடக்காவிட்டாலும் அந்த அறிவிப்பே வேலையைச் செய்துவிடும்: கடைக்காரர் கடனை நிறுத்துகிறார், தகப்பன் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்குகிறான்.

கணக்கு எளியது, கொடியது. மகளைக் கட்டிக்கொடுத்தால் உண்ணும் வாய் ஒன்று குறையும். வயது குறைவாக இருந்தால் வரதட்சிணையும் குறைவு, வயது ஏற ஏறக் கேட்கும் தொகையும் ஏறும். பூப்படைந்த பெண்ணைப் பர்தா வழக்கப்படி வெளியே அனுப்ப மாட்டார்கள் என்பதால் படிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. பெண்களுக்கு மட்டுமான வகுப்பு, பெண் ஆசிரியை, கூட்டிப்போக ஒரு மூத்த பெண் என்று ஏற்பாடு செய்த இடங்களில் பெற்றோர் அனுப்பினார்கள். 2025 ஜூனில் நிதியில்லாமல் யுனிசெஃப் கற்றல் மையங்கள் பெருமளவில் மூடப்பட்டபோது அந்த ஏற்பாடும் சேர்ந்து போனது.

மணமான பின் வருவதைச் சொல்ல அதிக வார்த்தை வேண்டாம். வேலையில்லாத ஆண், பேச இடமில்லாத பத்தடிக் குடிசை, தீர்ந்துபோன அரிசி. வரதட்சிணையில் பாக்கி இருந்தால் அடி. சர்வதேச மீட்புக் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கையில், அதன் மருத்துவ நிலையங்களில் விசாரிக்கப்பட்ட பெண்களில் நால்வரில் ஒருவர் வன்முறைக்கு ஆளானவர். அந்த வன்முறையில் 81 விழுக்காடு கணவனோ துணையோ செய்தது. சீருடை அணிந்தவனைவிட வீட்டில் இருப்பவனிடம் வாங்கும் அடி அதிகம் என்பதை நன்கொடையாளர்கள் அறிக்கைகளில் படிக்கத் தயங்குகிறார்கள். பரிதாபத்துக்குரிய ஒரு இனம் என்ற சித்திரத்தை அது குழப்புகிறது.

கருத்தடையிலும் இந்த வீட்டு அரசியல் தெரியும். முகாமில் பெண்கள் அதிகம் கேட்பது மூன்று மாத ஊசி. மாத்திரை அட்டையைக் கணவன் பார்த்துவிடுவான், ஊசி தடயம் வைக்காது. ஆனால் ஊசி போட்ட சிலருக்கு ஒழுங்கில்லாமல் இரத்தம் படும். தொழுகைக்கு நிற்க முடியாது, உலர்த்தத் துணியும் போதாது. அதை முன்கூட்டியே சொல்லாத செவிலியரிடம் அந்தப் பெண் இரண்டாம் ஊசிக்கு வருவதில்லை.

72 மணி, 120 மணி, மாலை 4 மணி

வன்புணர்வுக்கு ஆளான பெண்ணுக்குச் செய்ய வேண்டியதில் மர்மம் ஒன்றும் இல்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் ஒரே வேளையாக, 120 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். பால்வினை நோய்களுக்கு ஆண்டிபயாட்டிக், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி. நேரம் கடந்து வந்தாலும் காயத்துக்கும் தொற்றுக்கும் மனத்துக்கும் செய்ய வேண்டியது மிச்சம் இருக்கிறது, எனவே யாரையும் 'தாமதமாக வந்துவிட்டாய்' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

கெட்டுப்போவது இந்த நேரங்களில்தான். உதவிப் பணியாளர்கள் மாலை 4 மணி அளவில் முகாமைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இரவில் நடந்த வன்முறைக்கு விடியும்வரை 24 மணி நேர மருத்துவ நிலையம் மட்டுமே. அது இரண்டு குன்று தள்ளி இருக்கலாம். இருட்டில் தனியாகப் பெண் நடக்க முடியாது, ஆயுதக் குழுக்கள் திரியும் நேரம் அது. காலையில் போகலாம் என்றால் துணைக்கு ஆள் வேண்டும், ஆளிடம் காரணம் சொல்ல வேண்டும். இப்படியே மூன்று நாள் ஓடிவிடும்.

இன்னொரு சிக்கல், போலீஸ் புகார் இருந்தால்தான் சிகிச்சை என்ற தவறான எண்ணம். சிகிச்சைக்குப் புகார் வேண்டியதில்லை. வழக்கு வேண்டும் என்றால் உக்கியா அல்லது டெக்னாஃப் காவல் நிலையம், காக்ஸ் பஜார் சதர் மருத்துவமனை, அங்குள்ள நீதிமன்றம் என்று போக வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முகாம் பொறுப்பு அதிகாரியின் அனுமதி, சாலையில் சோதனைச் சாவடிகள். சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது: பெண்கள், குழந்தைகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2000, குடும்ப வன்முறைச் சட்டம் 2010. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வன்புணர்வுக்கு ஆளானவரின் பிறப்புறுப்பில் விரல்விட்டுச் செய்யும் இரு விரல் பரிசோதனையைத் தடை செய்தது. 2020இல் வன்புணர்வுக்கு மரண தண்டனையும் சேர்ந்தது. தண்டனை கடுமையானால் பெண்கள் தைரியமாக வருவார்கள் என்பது ஒரு கணக்கு. முகாமில் அது தலைகீழ். குற்றவாளி பக்கத்துக் குடிசைக்காரன் என்றால், அவன் கழுத்துக்குக் கயிறு வரும் வழக்கைத் தொடுத்தவள் அதே சந்தில் அடுத்த நாளும் தண்ணீர் எடுக்க வேண்டும்.

அதனால் அவர்கள் சாலிஷ் என்னும் உள்ளூர்ப் பஞ்சாயத்துக்கே போகிறார்கள். மாஜி, இமாம், இரண்டு மூத்தவர்கள் அமர்ந்து கேட்பார்கள். கணவன் இனி அடிக்க மாட்டேன் என்று ஒரு தாளில் கைநாட்டு வைப்பான். வன்புணர்வு என்றால் அபராதம், அல்லது கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது. இது அநீதி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பெண்கள் இதைத் தேர்வதற்குக் காரணம் அறியாமை அல்ல. சாலிஷ் அன்றே நடக்கும், பக்கத்தில் நடக்கும், செலவு குறைவு, 'இஜ்ஜத்' என்று அவர்கள் சொல்லும் குடும்ப மானம் முகாம் முழுக்கச் சிதறாது. இந்த நான்கையும் தராத எந்த மாற்று ஏற்பாடும் சுவரொட்டியாகவே இருக்கும்.

பெண்களுக்கான மையங்களை அங்கே 'சாந்தி கானா' என்கிறார்கள், அமைதி வீடு. வெளியே வன்முறை என்ற சொல்லையே எழுதுவதில்லை. தையல், மருதாணி, பேச்சு என்றுதான் பெண்கள் வருகிறார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் ஒருத்தி வாய் திறக்கிறாள். மொழியும் தடை. உள்ளூர்ப் பணியாளர்கள் பேசும் சிட்டகாங் வழக்கு ரோஹிங்கியாவுக்கு நெருங்கியது, ஒன்றல்ல. மனச்சோர்வு என்ற சொல் அங்கே இல்லை. 'சிந்தா', 'அஷாந்தி' என்பார்கள். தமிழ்க் காதுக்கு இரண்டுமே புரிகின்றன, ஆனால் படிவத்தில் அவை 'கவலை' என்று குறிக்கப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகின்றன.

கடல் வழி

முகாமில் முடங்கியவர்களுக்குத் தரகர் காட்டும் வழி மலேசியா. அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ரோஹிங்கியா ஆணுக்கு மணப்பெண்ணாக அனுப்பினால் வரதட்சிணை இல்லை, பயணச் செலவையும் அவனே ஏற்பான் என்று குடும்பம் சம்மதிக்கிறது. 2023இல் சுமார் 4,500 பேர் படகேறினார்கள், 569 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். ஏறியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களும் குழந்தைகளும். இயந்திரம் பழுதான படகுகள் வங்கக் கடலில் மிதந்து நம் கரைக்கும் வந்திருக்கின்றன: 2022 டிசம்பரில் 104 பேரை இலங்கைக் கடற்படை மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது, 2024 டிசம்பரில் இன்னொரு படகு முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடமொன்றில் சில ரோஹிங்கியா குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன.

2024இல் ராக்கைனின் ஆயுதக் குழுவான அரக்கான் படை புத்திடாங்கையும் மவுங்டாவையும் பிடித்த சண்டையில் தப்பி வந்த ஒன்றரை லட்சம் பேருக்குத் தனிக் குடிசைக்கு இடமில்லை. உறவினர் குடிசைகளில் தங்கியிருக்கிறார்கள். ஐந்து பேர் படுத்த தரையில் பத்துப் பேர், நடுவில் ஒரு புடவைத் திரை. விதவையான சித்தியும் வயது வந்த மகளும் வந்து சேர்ந்த வீட்டில், தொந்தரவு தருபவன் வீட்டுக்காரனே என்றால் அந்தப் பெண்ணுக்கு அட்டையும் இல்லை, கூரையும் அவனுடையது.

இதனால் அனுபவமுள்ள பணியாளர்கள் வேலையை வேறு வரிசையில் செய்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் 'புகார் கொடுக்கிறாயா' என்று தொடங்குவதில்லை. 'ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தாய்' என்று கேட்பதே இல்லை. அட்டை யாரிடம் இருக்கிறது, எரிவாயுச் சீட்டு யாரிடம், குழந்தைகளின் பதிவு எந்த எண்ணில், இன்றிரவு எங்கே படுப்பாள் என்று கேட்கிறார்கள். கணவனுக்கும் மாஜிக்கும் செய்தி போவதற்கு முன் பிரிப்பு மனுவை எழுதி, முடிந்தால் நேராக முகாம் அலுவலகத்தில் கொடுக்கிறார்கள். அவள் பெயரை எழுதாமல் குறியீட்டு எண் போட்டுக் கோப்பைப் பூட்டி வைக்கிறார்கள். புது அட்டை அவள் கைக்கு வந்த பிறகுதான் மற்றப் பேச்சு. அதுவரை அவள் சாந்தி கானாவுக்குத் தையல் பழக வந்துகொண்டிருக்கிறாள்.